பசுமைக் கட்டடப் போட்டிகளும் வடிவமைப்பாளரின் தொழில் வாழ்வும்

கட்டடக்கலையில் தொழில் தொடங்கும் ஒருவருக்கு முதல் வேலை கிடைப்பதுதான் பெரும்பாடு. வீடு கட்ட நினைப்பவர் ஏற்கெனவே பத்து வீடு கட்டியவரைத் தேடிப் போகிறார். பள்ளி நிர்வாகம் பள்ளிக்கூடம் கட்டிய அனுபவத்தைக் கேட்கிறது. அனுபவம் இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வரப் பல தலைமுறைகளாக இருந்துவரும் வழிகளுள் ஒன்று வடிவமைப்புப் போட்டி. பெயரை மறைத்து, எண்ணை மட்டும் இட்டு வரைபடத்தை அனுப்பும் முறையில், அனுப்பியவரின் வயதோ ஊரோ அலுவலகத்தின் அளவோ நடுவர்களுக்குத் தெரியாது. 1981-இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்கான நினைவிடத்துக்குப் போட்டி நடந்தபோது 1,421 வடிவங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் வென்றது 1026 என்ற எண் இட்ட நுழைவு. அதை அனுப்பியவர் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவியாக இருந்த 21 வயது மாயா லின். பெயரையும் வயதையும் முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாட்டின் தலைநகரில் அப்படியொரு பொறுப்பை அவரிடம் கொடுத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

ஃபின்லாந்தில் இந்த வழி நெடுங்காலமாகவே நாட்டு வழக்கம். பொதுப்பணத்தில் எழும் நூலகம், பள்ளி, நகரமன்றம் என்று பலவற்றுக்கும் அங்கே போட்டி வைத்தே வடிவத்தைத் தேர்கிறார்கள். ஆல்வார் ஆல்ட்டோ 1929-இல் பைமியோ காசநோய் மருத்துவமனைக்கான போட்டியில் வென்றபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. காசநோயைத் தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. வெயில், காற்று, ஓய்வு, இவைதாம் சிகிச்சை. ஆகவே கட்டடமே மருந்தின் ஒரு பங்காக இருக்கவேண்டியிருந்தது. நோயாளி நாள் முழுதும் மல்லாந்து படுத்திருப்பவர் என்பதை மனத்தில் வைத்து, கண்ணைக் கூசவைக்காத நிறம் கூரையின் உட்புறத்துக்குப் பூசப்பட்டது. விளக்கு பார்வைக்கு நேராக வராமல் தள்ளி வைக்கப்பட்டது. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை பக்கத்துக் கட்டிலை எழுப்பிவிடாதபடி தொட்டியின் சரிவு மாற்றப்பட்டது. 1933-இல் முடிந்த அந்தக் கட்டடம்தான் ஆல்ட்டோவை உலகுக்கு அறிமுகம் செய்தவற்றுள் முதன்மையானது. பசுமைக் கட்டடம் என்ற சொல் பிறக்காத காலத்திலேயே வெயிலையும் காற்றையும் கணக்கில் எடுத்த ஒரு வடிவம் போட்டியின் வழியாக வெளிவந்திருக்கிறது.

பன்னாட்டுப் போட்டிகளுக்கு யுனெஸ்கோ 1956-இல் விதிமுறைகளை ஏற்றது. அவை நடைமுறையில் ஒழுங்காகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பது 1948-இல் தொடங்கிய பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் பணி. இந்தியாவில் கட்டடக்கலை மன்றம் போட்டிகளுக்கான வழிகாட்டு நெறிகளை வைத்திருக்கிறது. நடுவர் யார் என்பது முன்கூட்டியே தெரியவேண்டும், அவர்களில் கட்டடக்கலைஞர்கள் இருக்கவேண்டும், பரிசுத்தொகை இவ்வளவு என்று அறிவிக்கவேண்டும் என்பவை இத்தகைய விதிகளின் சாரம்.

எல்லாப் போட்டிக்கும் பொருந்தும் செய்திகள் இவை. சூழலுக்கு இசைந்த கட்டடங்களுக்கான போட்டியில் இவற்றோடு இன்னொன்று சேர்கிறது. ஒரு கட்டடம் அழகாக இருக்கிறதா என்பது நடுவரின் ரசனை. ஆனால் ‘இந்தக் கட்டடம் பாதி மின்சாரத்தில் ஓடும்’, ‘மே மாத மதியத்திலும் உள்ளே விசிறியே போதும்’, ‘மழைநீரே ஆண்டு முழுதும் தண்ணீர்த் தேவையைப் பார்த்துக்கொள்ளும்’ என்பவை சரியா தவறா என்று அளந்து சொல்லக்கூடிய கூற்றுகள். வெப்பமானி வைத்துப் பார்க்கலாம், மின்மீட்டரைப் படிக்கலாம். சோதிக்கக்கூடிய கூற்றைச் சொல்லும் பழக்கம் வடிவமைப்பாளருக்கு ஏற்படுவதுதான் இப்போட்டிகளின் மெய்யான பயன். பரிசுத்தொகையும் பத்திரிகையில் வரும் படமும் அதற்கு அடுத்தபடிதான்.

சோதனை இல்லாத பரிசு வென்றவரையே எப்படி வருத்தும் என்பதற்கு சிட்னி ஒபேரா மாளிகை சான்று. 1957-இல் 233 நுழைவுகளில் தேர்வானது டென்மார்க்கைச் சேர்ந்த 38 வயது யோர்ன் உட்சோனின் வடிவம். பாய்மரம் போன்ற அந்தக் கூரைகளைக் கட்ட முடியுமா, முடியுமென்றால் எந்த வளைவில் என்பது பரிசு அறிவித்த அன்று யாருக்கும் தெரியாது. அதற்கு விடை காணவே ஆண்டுகள் பிடித்தன. செலவு பலமடங்கு ஏறியது. அரசோடு மனக்கசப்பு வளர்ந்து உட்சோன் 1966-இல் பணியிலிருந்து விலகி ஊர் திரும்பினார். 1973-இல் கட்டடம் திறந்தபோது அவர் அங்கே இல்லை. மகத்தான கட்டடம்தான், ஆனால் ஓவியம் போன்ற வரைபடத்துக்குப் பரிசளித்துவிட்டுக் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டதன் சுமை முழுவதும் ஒரு மனிதரின் தோளில் இறங்கியது.

இதற்கு நேர்மாறான ஒரு போட்டியை அமெரிக்க எரிசக்தித் துறை 2002-இல் தொடங்கியது. அதன் பெயர் சோலார் டெகாத்லான். டெகாத்லான் என்பது ஒரே வீரர் பத்து விளையாட்டுகளில் பங்கெடுக்கும் தடகளப் போட்டி. அதைப் போலவே ஒரு வீடு பத்துப் பிரிவுகளில் போட்டியிடவேண்டும். பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்கள் வரைபடம் தருவதோடு நிறுத்த முடியாது. சூரிய ஒளியில் மட்டுமே இயங்கும் முழுவீட்டைத் தங்கள் கல்லூரியில் கட்டி, பிரித்து, லாரிகளில் ஏற்றி, வாஷிங்டன் நகரின் நடுவே இருக்கும் பெரும்புல்வெளிக்குக் கொண்டுவந்து சில நாட்களில் மறுபடி பூட்டி நிறுத்தவேண்டியிருந்தது. முதல் ஆண்டில் 14 அணிகள் வந்தன. கொலராடோ பல்கலைக்கழகம் வென்றது. 2005-லும் அதே பல்கலைக்கழகம்தான்.

அந்த ஆண்டுகளில், கட்டி நிறுத்திய பிறகுதான் போட்டியே ஆரம்பம். வீட்டுக்குள் வெப்பம் ஏறக்குறைய 22 முதல் 24 டிகிரி செல்சியசுக்குள் நிற்கவேண்டும். அதை உணர்கருவிகள் பதிவு செய்துகொண்டே இருக்கும். குளியலுக்கு ஆகும் அளவாகச் சுமார் 57 லிட்டர் தண்ணீர் 43 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் குழாயில் வரவேண்டும். துண்டுகளைத் துவைத்து உலர்த்த வேண்டும். பாத்திரம் கழுவும் எந்திரம் ஓடவேண்டும். பக்கத்து அணியினரை அழைத்து விருந்து சமைத்துப் போடவேண்டும். இன்னொரு நாள் அவர்களை உட்காரவைத்துத் திரைப்படம் காட்டவேண்டும். இத்தனையும் செய்து முடித்த பிறகு, போட்டி நாட்களில் வீடு செலவழித்த மின்சாரத்துக்குக் குறையாமல் வீடே உற்பத்தி செய்திருக்கவேண்டும். ஒரு பக்கம் நடுவர்கள் வடிவத்தை மதிப்பிட, மறுபக்கம் பொதுமக்கள் வரிசையில் நின்று வீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். வெப்பப் பாய்வைப் பற்றி ஒரு பேராசிரியருக்கு விளக்குவது ஒன்று. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் தாய்க்கு விளக்குவது முற்றிலும் வேறு. பின்னாளில் வாடிக்கையாளரிடம் பேசவேண்டிய மொழியை மாணவர் கற்பது இங்கேதான்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள், பேராசிரியர் மான்ஃபிரெட் ஹெகர் வழிகாட்ட, 2007-லும் 2009-லும் வென்றார்கள். முதல் வீட்டில் ஓக் மரச் சட்டக் கதவுகள் வீட்டைச் சுற்றி நின்றன. கதவின் பலகைகளிலேயே சூரிய மின்கலங்களைப் பதித்திருந்தார்கள். நிழல் தரும் பொருளே மின்சாரமும் தந்தது. இரண்டாவது வீட்டில் கூரை மட்டுமல்லாமல் வெளிச்சுவர்களும் மெல்லிய சூரியத் தகடுகளால் போர்த்தப்பட்டன. மேகமூட்டமான நாட்களிலும் மின்சாரம் தேறவேண்டும் என்பதே காரணம். மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கூரையில் கொண்டுபோய் ஒட்டும் கடைசி வேலையாக இல்லாமல், சுவரின் வடிவத்தையே தீர்மானிக்கும் முதல் வேலையாக மாறியதை இவ்விரு வீடுகளிலும் காணலாம்.

போட்டிக்கும் ஒரு குறை இருந்தது. வெற்றிக்காகச் செலவைப் பற்றிக் கவலைப்படாமல் அணிகள் வீடுகளைக் கட்டத் தொடங்கின. யாராலும் வாங்கமுடியாத வீடு எத்தனை மிச்சப்படுத்தினாலும் உலகுக்கு என்ன பயன்? அமைப்பாளர்கள் இதை உணர்ந்து 2011-இல் கட்டுப்படியாகும் விலையையும் பத்துப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். மதிப்பீட்டுச் செலவு 2,50,000 டாலருக்குள் இருந்தால் முழு மதிப்பெண். அந்த ஆண்டு பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியும் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து கட்டிய வீடு இப்பிரிவில் பெல்ஜியம் அணியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. போட்டிக்குப் பின் அது காட்சிப்பொருளாக நிற்கவில்லை. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஹாபிடாட் அமைப்பின் துணையோடு வாஷிங்டனின் டீன்வுட் பகுதியில் குடும்பங்கள் வாழும் வீடாயிற்று. அதே ஸ்டீவன்ஸ் கழகம் 2015-இல் முதற்பரிசு வென்றது, வெள்ளத்தையும் புயலையும் தாங்கும் கடலோர வீட்டுக்காக. 2012-இல் சாண்டி புயல் அந்தக் கழகம் இருக்கும் ஹோபோக்கன் ஊரின் பெரும்பகுதியை நீரில் மூழ்கடித்திருந்தது. கண்முன் நடந்த சேதத்திலிருந்து பிறந்த வீடு அது.

இந்தப் போட்டி மாட்ரிட், வெர்சாய், டடோங், துபாய், மொராக்கோவின் பென் கெரீர் என்று பல ஊர்களுக்கும் பரவியது. மாட்ரிட்டில் 2010-இல் நடந்த முதல் ஐரோப்பியப் போட்டியில் வென்ற வர்ஜீனியா டெக் மாணவர்களின் லூமென்ஹவுஸ், பின்னர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் மதிப்புமிக்க விருதையும் பெற்றது. மாணவர் கட்டிய வீடு தொழில்முறைக் கலைஞர்களின் கட்டடங்களோடு ஒரே வரிசையில் நின்றது.

வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இதன் மதிப்பு இன்னும் தெளிவாகும். கல்லூரியின் வழக்கமான ஸ்டுடியோப் பயிற்சியில் மாணவர் தனியாக வரைகிறார், வரைந்தது கட்டப்படுவதில்லை. இத்தகைய போட்டியில் அவர் மின்பொறியாளரோடு சண்டை போட்டிருப்பார். குழாய் போகும் இடத்தில் உத்தரம் குறுக்கே வந்ததால் இரவோடு இரவாக வரைபடத்தை மாற்றியிருப்பார். தச்சரிடம் திட்டு வாங்கியிருப்பார். கணினி சொன்ன வெப்பநிலைக்கும் உணர்கருவி காட்டிய வெப்பநிலைக்கும் ஏன் வேறுபாடு வந்தது என்று தேடியிருப்பார். ஆற்றல் கணிப்பு, வெளிச்சுவர் ஆலோசனை, கிரிஹா, லீட் போன்ற பசுமைச் சான்றிதழ்களுக்கான ஆலோசனை என்று கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்திருக்கும் வேலைகளுக்குத் தேவைப்படுவது இந்த அனுபவமே. வரைபடமும் தெரிந்து, வாட் கணக்கும் தெரிந்தவர் இரு தரப்புக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கிறார். அப்படிப்பட்டவரை எந்த அலுவலகமும் எளிதில் விடாது.

இந்தியாவில் சோலார் டெகாத்லான் இந்தியா 2020-21 கல்வியாண்டில் தொடங்கியது. பெங்களூரின் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஃபார் ஹியூமன் செட்டில்மென்ட்ஸ் நிறுவனமும், ஆற்றல் சிக்கனத்துக்காக இயங்கும் அலையன்ஸ் ஃபார் அன் எனர்ஜி எஃபிஷியன்ட் எகானமி அமைப்பும் இதை நடத்தின. இங்கே முழுவீட்டைக் கட்டி நிறுத்தவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, உண்மையிலேயே கட்டப்போகும் ஒரு கட்டடத்தின் உரிமையாளரையோ கட்டுமான நிறுவனத்தையோ கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, ஆற்றலிலும் தண்ணீரிலும் வரவும் செலவும் சமமாகும் வடிவத்தை மாணவர் அணி தரவேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம், கல்விக்கூடம் ஆகியவற்றோடு பேரிடர்க் காலத் தங்குமிடம், கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பு ஆகியவையும் பிரிவுகளாக வைக்கப்பட்டன. கடைசிப் பிரிவு தனியே பாராட்டத் தக்கது. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டு வாழ்வதை ஒரு வடிவமைப்புச் சிக்கலாக மாணவர் முன் வைப்பதற்கே ஓர் அக்கறை வேண்டும். இந்திய மாணவருக்கு நாசா என்ற கட்டடக்கலை மாணவர் சங்கம் நடத்தும் ஆண்டுப் போட்டிகளும் உண்டு. அவற்றில் ஹட்கோ, கிரிஹா கோப்பைகளுக்கான போட்டிகள் மலிவு வீட்டையும் பசுமைக் கட்டடத்தையும் பற்றியவை.

கணக்கிடும் பழக்கம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சென்னையை வைத்தே காட்டலாம். ஐரோப்பியப் பாடநூல் படித்த மாணவர், வடக்குச் சுவரில் வெயில் படாது, அங்கே நிழல்தட்டு வேண்டாம் என்று எழுதிவிடுவார். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திர வெயில் வடக்குச் சுவரையும் தொடும். மேற்கு வெயிலுக்கோ வழக்கமான படுக்கைவச சன்ஷேடு உதவாது. சாய்ந்து வரும் கதிருக்கு நெட்டுக்குத்தான தடுப்போ ஜாலிச் சுவரோ மரமோ வேண்டும். மொட்டை மாடி எல்லாச் சுவர்களையும்விட அதிகமாகக் காய்கிறது. 2018-இல் வெளியான குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை நீங்கலாக வெளிச்சுவர், சன்னல் வழியே உள்ளே நுழையும் சராசரி வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. போட்டிக்காக ஒருமுறை இந்த எண்ணைக் கணக்கிட்டவருக்கு, கண்ணாடிச் சுவரின் மேல் மயக்கம் தானாகவே குறைந்துவிடும்.

படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் போட்டிகளும் பசுமை என்ற பெயரில் ஏராளமாக நடக்கின்றன. நூறு மாடிக் கோபுரத்தின் ஒவ்வொரு பால்கனியிலும் பெருமரம் தழைத்து நிற்கும். அந்த மரத்துக்கு எவ்வளவு மண் வேண்டும், ஈரமண்ணின் எடையைத் தாங்க எவ்வளவு கம்பியும் கான்கிரீட்டும் கூடுதலாகப் போகும், அந்தக் கான்கிரீட் வெளியிட்ட கரியை மரம் எத்தனை ஆண்டில் ஈடுசெய்யும் என்று யாரும் கேட்பதில்லை. கற்பனைப் போட்டிகளே வேண்டாம் என்று பொருளில்லை. இருபது வயதில் கற்பனை விரியவேண்டும். ஆனால் அப்படிப்பட்ட படங்களால் மட்டும் நிறைந்த தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவர், ‘இந்தச் சுவரின் தடிமன் என்ன?’ என்ற முதல் கேள்வியிலேயே தடுமாறிவிடுகிறார்.

மாணவப் பருவம் கடந்தவர்களுக்கு வேறு வகை வாய்ப்புகள் உண்டு; கட்டப்போகும் கட்டடத்துக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் தரப்படும் பன்னாட்டு விருதுகள் அவை. சுவிட்சர்லாந்தில் இயங்கும் ஹோல்சிம் அறக்கட்டளையின் விருது, வரைபடம் முற்றுப்பெற்று, கட்டப்படும் என்ற உறுதி நிலையில் இருக்கும் திட்டங்களைப் பார்க்கிறது. 1977-இல் ஏற்படுத்தப்பட்ட ஆகா கான் கட்டடக்கலை விருதோ கட்டி, மக்கள் குறைந்தது ஓராண்டு பயன்படுத்திய கட்டடங்களை மட்டுமே பார்க்கிறது. வல்லுநர் ஒருவர் நேரில் போய், பயன்படுத்துகிறவர்களிடம் பேசி, அறிக்கை எழுதுகிறார். முன்னது நம்பிக்கைக்கான பரிசு, பின்னது வாழ்ந்து காட்டியதற்கான பரிசு. இரண்டையும் பெற்ற ஒருவர் இருக்கிறார்.

டியெபேடோ ஃபிரான்சிஸ் கெரே 1965-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊரில் பள்ளி கிடையாது. ஏழு வயதில் வீட்டைப் பிரிந்து வெளியூர் போய்ப் படித்தார். நெருக்கியடித்து உட்காரும், இருண்ட, வெந்துபோகும் வகுப்பறை அது. பின்னர் தச்சுத் தொழில் பயிலும் உதவித்தொகையோடு ஜெர்மனிக்குப் போனவர், பெர்லினில் கட்டடக்கலை படிக்கும்போதே தன் ஊருக்கு ஒரு பள்ளி கட்ட நன்கொடை திரட்டினார். 2001-இல் அந்தத் தொடக்கப்பள்ளி எழுந்தது. உள்ளூர்க் களிமண்ணில் சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய கற்கள்தாம் சுவர். வகுப்பறைக்கு மேலே துளைகள் விட்ட மண்கல் தளம். அதற்கும் மேலே, தொடாமல், கம்பிச் சட்டங்களில் ஏந்திய அகன்ற தகரக் கூரை. தகரம் காய்ந்தாலும் சூடு வகுப்புக்குள் இறங்காது. இடைவெளியில் ஓடும் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளேயிருக்கும் சூடான காற்றும் துளைகளின் வழியே மேலேறி வெளியேறும். ஊர் மக்களே கல் அறுத்தார்கள், தரை இடித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கு 2004-இல் ஆகா கான் விருது கிடைத்தது. கெரே படிப்பை முடித்ததும் அதே ஆண்டில்தான். வெளிநாட்டில் படித்த ஒரு மாணவர் யாரும் கேள்விப்படாத ஊரில் மண்ணால் கட்டிய ஒரு பள்ளியை, ஓர் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்காவிட்டால் உலகம் எப்படி அறிந்திருக்கும்? பிறகு ஆசிரியர் குடியிருப்பு, பள்ளி விரிவாக்கம் என்று அடுத்தடுத்த பணிகள். அதே ஊரின் உயர்நிலைப் பள்ளி வடிவத்துக்கு 2012-இல் ஹோல்சிமின் உலக அளவிலான தங்கப் பரிசு. 2022-இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த சிறப்பாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். ஒவ்வொரு விருதும் அடுத்த கட்டடத்துக்கான நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த விருதுகளை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது முதல் பள்ளியின் சூடேறாத வகுப்பறை.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பயின்ற அன்னா ஹெரிங்கரின் தொடக்கமும் இப்படித்தான். தன் பட்ட ஆய்வுக்காக வரைந்த பள்ளியை வங்கதேசத்தின் ருத்ராபூரில், ஐக்கே ரோஸ்வாக் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து, ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டு 2005-இல் கட்டினார். கீழ்த்தளம் வைக்கோல் கலந்த மண்சுவர், மேல்தளம் மூங்கில். 2007-இல் ஆகா கான் விருது. அதே வங்கதேசத்தின் மெரினா தபசுமோ போட்டியிலேயே தொழிலைத் தொடங்கியவர். பட்டம் பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த 1997-இல், காஷெஃப் சவுத்ரியோடு சேர்ந்து டாக்காவின் விடுதலை நினைவுச்சின்னத்துக்கான தேசியப் போட்டியில் வென்றார். அவருக்கு உலகப் புகழ் தந்த பைத்துர் ரவுஃப் பள்ளிவாசல் 2012-இல் முடிந்தது. 2016-இல் ஆகா கான் விருது பெற்றது. செங்கல் இடைவெளிகளின் வழியே காற்றும் கூரைத் துளைகளின் வழியே ஒளியும் வரும் கட்டடம் அது. முதல் போட்டிக்கும் இந்த விருதுக்கும் நடுவே 19 ஆண்டுகள். போட்டியில் வென்றவுடன் வாழ்க்கை மாறிவிடும் என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, மறுபக்கம். 2014-இல் ஹெல்சிங்கி நகரில் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு நடந்த திறந்த போட்டிக்கு 77 நாடுகளிலிருந்து 1,715 நுழைவுகள் வந்தன. பாரிசின் மொரோ குசுனோக்கி என்ற இளம் அலுவலகம் 2015-இல் வென்றது. அடுத்த ஆண்டே நகர மன்றம் திட்டத்தை நிராகரித்தது. கட்டடம் எழவே இல்லை. ஒரு நுழைவுக்கு இரண்டு பேர் ஒரு மாதம் உழைத்ததாக வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 286 மனித ஆண்டுகளின் உழைப்பு. அதில் பெரும்பகுதி சம்பளமில்லாத இரவுகள். டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்கு 1986-இல் நடந்த பன்னாட்டுப் போட்டியில் அமெரிக்கரான ரால்ஃப் லெர்னரின் வடிவம் தேர்வாகியும், அதன் ஒரு பகுதி மட்டுமே கட்டப்பட்டது. வளங்களை வீணாக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு துறை, தன் இளைஞர்களின் உழைப்பை இப்படிக் கொட்டி இறைப்பது முரண் மட்டுமல்ல, அநியாயமும்கூட. இதில் அடிபடுவது வசதியற்றவர்கள். தந்தையின் பணத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து வரையக்கூடியவருக்கும், பகலில் வேறு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில் வரைகிறவருக்கும் பெயர் மறைத்த போட்டிகூடச் சமமான களம் ஆகாது.

ஆகவே எந்தப் போட்டியில் கலந்துகொள்வது என்பதே தொழில் சார்ந்த ஒரு முடிவு. அறிவிப்பை வாசிக்கும்போது சில இடங்களில் விரலை வைத்து நிறுத்திப் படிக்கவேண்டும். நடுவர் பெயர்களில் ஆற்றல், நீர், கட்டமைப்புத் துறை வல்லுநர் ஒருவராவது இருக்கிறாரா? நிலம் உண்மையானதா, அதன் தட்பவெப்பத் தரவு தரப்பட்டிருக்கிறதா? கணக்கீட்டு அறிக்கை கேட்கிறார்களா, அல்லது இரண்டு தாள் படம் போதுமா? இரண்டு சுற்றுகள் இருந்தால் இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்களுக்கு ஊதியம் உண்டா? வரைபடத்தின் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்குமா? நுழைவுக் கட்டணமே நடத்துகிறவரின் வருமானமாகத் தோன்றினால் விலகிக்கொள்வதே மேல். நடுவரின் எழுத்துவடிவக் கருத்துகளை வெளியிடும் போட்டிகள் தோற்றவருக்கும் ஏதோ கொடுக்கின்றன. முடிவை மட்டும் அறிவித்துவிட்டு மறையும் போட்டிகள் எதையும் தருவதில்லை.

தோற்ற நுழைவையும் எறிந்துவிட வேண்டியதில்லை. அதற்குக் கணக்குகள் இருந்தால் அது ஓர் ஆவணம். எந்தச் சுவருக்கு எந்தப் பொருள், ஏன், மாற்று என்னவாக இருந்தது, எவ்வளவு மிச்சம் என்று நான்கு பக்கம் எழுதிச் சேர்த்தால் முதலில் சந்திக்கும் வாடிக்கையாளரிடம் பேச அது உதவும், ஒரு கட்டுரையாகும், அடுத்த போட்டிக்கு அடித்தளமாகும்.

கட்டப்படாத யோசனையும் பின்னாளில் உதவும் என்பதற்கு நியூயார்க்கின் கேட் ஆர்ஃபின் பணி நல்ல எடுத்துக்காட்டு. நிலவடிவமைப்பாளரான அவர் தொடங்கிய ஸ்கேப் அலுவலகம், 2010-இல் நவீனக் கலை அருங்காட்சியகம் கடல்மட்ட உயர்வைப் பற்றி நடத்திய கண்காட்சிக்காக ஒரு யோசனையை வரைந்தது. துறைமுக நீரில் சிப்பிகளை வளர்த்து, அந்தத் திட்டுகளே அலையின் வேகத்தைத் தணிக்கவும் நீரைத் தூய்மையாக்கவும் செய்யலாம் என்பது அந்த யோசனை. அது கட்டுவதற்கான திட்டமாக இருக்கவில்லை. சுவரில் மாட்டிய படம். இரண்டு ஆண்டு கழித்து சாண்டி புயல் வந்தது. 2013-இல் அமெரிக்க அரசு ரீபில்ட் பை டிசைன் என்ற போட்டியை அறிவித்தது. 148 அணிகள் விண்ணப்பித்தன. 10 அணிகளைத் தேர்ந்தெடுத்து, கரையோர மக்களோடும் உள்ளூர் அரசுகளோடும் பல மாதம் பேசி வடிவத்தை வளர்க்கச் செய்தார்கள். 2014-இல் முடிவு வந்தபோது, வென்ற திட்டங்களுக்காக ஒதுக்கிய தொகை 93 கோடி டாலர். வென்றவற்றுள் ஒன்று ஸ்டேட்டன் தீவின் தென்கரைக்கு ஸ்கேப் அலுவலகம் தந்த உயிருள்ள அலைத்தடுப்புத் திட்டம். பழைய சிப்பி யோசனை இப்போது பொறியாளர்களும் கடல் உயிரியலாளர்களும் கணக்கிட்ட வடிவமாக வந்திருந்தது. 2017-இல் ஆர்ஃப் மெக்ஆர்தர் நிதிநல்கை பெற்றார். 2023-இல் இத்திட்டத்துக்கு ஓபெல் விருது கிடைத்தது. எட்டுத் துண்டுகளாக, மொத்தம் ஏறக்குறைய 730 மீட்டர் நீளமுள்ள பாறைத் தடுப்புகள் கடலில் வைத்து முடிக்கப்பட்டது 2024-இல். பாறைகளுக்கு இடையே மீன்கள் ஒதுங்கவும் சிப்பிகள் பற்றிக்கொள்ளவும் வரைபடத்திலேயே இடைவெளிகள் விடப்பட்டிருந்தன.